சுட்ட இடத்தில் தண்ணீர் பட்டால் கொப்புளம் போடுமா?

வாசகர் கேள்வி: 6 மே 2023

வேலை நிமித்தம் வெளியூரில் தனியாகத் தங்கியிருக்கிறேன். நேற்றிரவு ரசத்துக்குத் தாளிக்கும்போது கடுகோடு எண்ணெயும் தெறித்து, இடது முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுட்டுவிட்டது. சுட்ட இடத்தில் தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்று அம்மா சொல்லி வளர்த்ததால், தண்ணீர் காட்டாமல் பற்பசையைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கொப்புளம் எழும்பியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத இடத்தில் இது எப்படி வந்தது? இதை நானே பார்த்துக்கொள்ளலாமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

6 மே 2023, இரவு

கொப்புளம் வருவது தண்ணீரால் அல்ல. தோலுக்குள் இறங்கிய சூட்டினால்தான். சூட்டில் மேல்தோல் அதன் கீழுள்ள அடித்தோலிலிருந்து பிரிந்துவிட, அந்த இடைவெளியில் சிறு இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர் வந்து தேங்குவதையே கொப்புளம் என்கிறோம். சுட்ட சில நிமிடங்களிலும் அது எழும்பலாம், மறுநாள் காலையிலும் எழும்பலாம். தண்ணீர் ஊற்றியவர்களுக்குக் கொப்புளம் வந்தபோதெல்லாம் பழி தண்ணீர்மேல் விழுந்தது. ஊற்றாதவர்களுக்கும் வந்ததை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக நம் சமையலறைகளில் இந்த நம்பிக்கை இருந்துவருவதால் எத்தனை பேருடைய காயம் தேவைக்கு மேல் ஆழமாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சும்மா நனைத்து எடுப்பதும், ஈரத்துணியைப் போட்டு மூடுவதும் அதற்கு ஈடாகாது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து கை விலகிய பிறகும் தோலுக்குள் இறங்கிய சூடு அங்கேயே நின்று திசுவை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பணியாற்றிய டக்ளஸ் ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர், தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பிரித்துக் காட்டி 1953-இல் எழுதினார். நடுவில் இருப்பது செத்துப்போன திசு, அதை மீட்க முடியாது. வெளி ஓரத்தில் இருப்பது வெறுமனே சிவந்த தோல், அது தானாகவே ஆறிவிடும். இரண்டுக்கும் இடையில், இரத்த ஓட்டம் மந்தமாகி, பிழைக்கவும் கூடும் சாகவும் கூடும் என்ற நிலையில் ஒரு வளையம் இருக்கிறது. நாம் தண்ணீர் ஊற்றுவது அந்த இடை வளையத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான். சுட்டு 3 மணி நேரத்துக்குள் ஊற்றினாலும் பயன் உண்டு என்பதால், வலியிலும் பதற்றத்திலும் முதல் அரை மணி நேரம் போய்விட்டாலும் இனி எதற்கு என்று விட்டுவிட வேண்டியதில்லை.

7 மே 2023

கேள்வி கேட்டவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது. அந்த 3 மணி நேரம் தாண்டிவிட்டது. இனித் தண்ணீரை மணிக்கணக்கில் ஊற்றிப் பயனில்லை. பற்பசை காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டாமல், வெதுவெதுப்புகூட இல்லாத சாதாரணத் தண்ணீரில் நனைய விட்டு, மென்மையான சோப்பு நுரையால் கழுவிவிடுங்கள். கொப்புளத்தைக் குத்த வேண்டாம். காயத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சுத்தமான கட்டு அந்தத் தோல்தான். மருந்துக் கடையில் பாரஃபின் தடவிய வலைத்துணி என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை ஒற்றை மடிப்பாக வைத்து, மேலே காஸ் துணியால் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். இரண்டு விரல் அகலம் என்பதாலும், மணிக்கட்டின் மடிப்பில் இல்லாமல் முன்கையில் இருப்பதாலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வாடை வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, முதல் நாளைவிட மூன்றாம் நாள் வலி கூடினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

9 மே 2023

குளிர்ந்த தண்ணீர் என்று எழுதிவிட்டேனே தவிர, கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் நிலை எனக்கு நன்றாகத் தெரியும். போன ஆண்டு சித்திரையில், வீட்டில் வேறு யாரும் இல்லாத ஒரு நடுப்பகலில், வாணலியில் போட்ட உளுந்து வடை ஒன்று வெடித்து, என் வலது முன்கையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் விழுந்தது. முதல் கணத்தில் வலியே தெரியவில்லை. கையிலிருந்த மெல்லிய முடிகள் எண்ணெயில் படிந்து பளபளத்ததும், அவற்றுக்குக் கீழே தோல் முதலில் வெளுத்துப் பிறகு சிவந்ததும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. இடது கையால் அடுப்பை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால், அதில் வந்த தண்ணீரே தோலைச் சுட்டது. குழாயை ஓட விட்டால் குளிர்ந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது வீண். மேலே இருக்கும் தொட்டி முழுவதுமே கொதித்துக் கிடக்கிறது.

எனக்கு உதவியது சமையலறை மூலையில் இருந்த மண்பானை. தரையில் உட்கார்ந்து, கையை ஒரு அன்னக்கூடைக்கு மேலே நீட்டிக்கொண்டு, சொம்பால் மெல்லிய தாரையாக ஊற்றினேன். பானை தீர்ந்த பிறகு, குடிதண்ணீர்க் கேனைக் கவிழ்த்து வைத்திருந்த தாங்கியின் குழாயடியில் கையை வைத்துக்கொண்டேன். இந்தக் கேன் விஷயத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். நம் வீடுகளில் இருப்பது 20 லிட்டர் கேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விழும்படி குழாயைத் திறந்தால் தேவையான 20 நிமிடத்துக்கும் அது சரியாக வரும். வீட்டுக்குள் நிழலில் இருப்பதால் மாடித் தண்ணீரைவிட அது எவ்வளவோ குளிர்ச்சியாக இருக்கும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் குடிதண்ணீரைக் கையில் ஊற்றி வீணாக்குவதா என்று மனம் தயங்கும். தயங்க வேண்டாம்.

வளையல்களைக் கழற்றியது முதல் சொம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், காலில் சுட்டால் மெட்டி, கொலுசு என எல்லாவற்றையும் அந்த முதல் நிமிடங்களிலேயே கழற்றிவிட வேண்டும். அன்று மாலைக்குள் என் மணிக்கட்டு வீங்கிய வீக்கத்தில் அவை உள்ளே இருந்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும்.

10 மே 2023

ஐஸ் வைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஐஸ் கட்டியைத் தோலில் வைக்கக் கூடாது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, நாம் காப்பாற்ற நினைக்கும் அந்த இடை வளையத்துக்கே இரத்தம் போகாமல் போய்விடும். ஆனால் பானையும் கேனும் இல்லாத வீட்டில், வாளியில் பிடித்த சுடுதண்ணீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக் கரைய விட்டு, அது ஆற்றுத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ந்ததும் கட்டிகளை எடுத்துவிட்டு ஊற்றலாம். 15 டிகிரி சுமாருக்கு இருந்தால் நல்லது. விரல் விறைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் காயம் பெரிதாக இருந்தால், காயத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு உடம்பின் மற்றப் பகுதியைப் போர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் வெப்பம் இறங்கி, அதுவே ஆபத்தாகிவிடும்.

14 மே 2023

இட்லி மாவைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. அன்று என் குரல் கேட்டுப் பின்னர் ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மாவும் மாவுப் பாத்திரத்தோடுதான் வந்தார். எழுபதைத் தாண்டியவர்; மூன்று மாடி ஏறி வந்த அந்த அன்பை நான் எப்படித் தட்டுவது? "மாவு அப்புறம் போடலாம்மா, இப்போ இந்தச் சொம்பைப் பிடிச்சு ஊத்துங்க" என்று கேட்டுக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் ஊற்றினார், அவர் கை நடுக்கத்தில் தாரை நின்று நின்று விழுந்தாலும்.

இட்லி மாவு ஏன் இதமாக இருக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அது ஈரமானது, பெரும்பாலும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து வருவது. ஆனால் சில நிமிடங்களில் காய்ந்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாத ஒரு போர்வையாகிவிடும். புளித்த மாவு என்பது நுண்ணுயிர்கள் பல்கிப் பெருகிய பண்டம். வயிற்றுக்கு நல்லதென்பதால் தோல் கழன்ற புண்ணுக்கும் நல்லதாகிவிடாது. முட்டையின் வெள்ளைக்கரு, வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். பேனா மையும் மஞ்சளும் இன்னொரு வகையில் கெடுதி செய்கின்றன. காயத்தின் ஆழத்தை மருத்துவர் நிறத்தை வைத்துத்தான் முதலில் கணிக்கிறார்: இளஞ்சிவப்பாக, ஈரமாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் மேலோட்டமானது, வெளுத்தோ கருகியோ தோல்வார் போல விறைத்து, தொட்டாலும் உணர்வில்லாமல் இருந்தால் ஆழமானது. அதன்மேல் நீலத்தையோ மஞ்சளையோ பூசிக்கொண்டு போனால், அவர் முதலில் அதைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். அந்த வலி தீயின் வலிக்குக் குறைந்ததல்ல.

நம் பழக்கங்களில் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. வாழையிலையை நீராவியில் கிருமிநீக்கம் செய்து தீக்காயத்துக்குக் கட்டும் முறையை இந்திய மருத்துவர்களே ஆராய்ந்து, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். அதன் வழுவழுப்பான பரப்பு புண்ணில் ஒட்டாது; கட்டைப் பிரிக்கும்போது புதுத்தோல் பிய்ந்து வராது. ஆனால் அது கிருமிநீக்கம் செய்த இலை. கொல்லையில் நறுக்கிய இலையை அப்படியே கட்டுவது வேறு விஷயம்.

15 மே 2023

"கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் வெடிக்குமே, கையில் எண்ணெய் இருக்கும்போது எப்படித் தண்ணீர் ஊற்றுவது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பலருடைய கை குழாய்வரை போய்த் திரும்பிவிடுவது இந்தப் பயத்தால்தான். சட்டியில் எண்ணெய் ஆழமாகவும், தண்ணீரின் கொதிநிலைக்கு வெகு மேலேயும் இருப்பதால், விழுந்த தண்ணீர் அடியில் ஆவியாகி எண்ணெயைத் தூக்கி எறிகிறது. கையில் விழுந்த எண்ணெயோ மெல்லிய படலம். அதன் சூடு கணப்பொழுதில் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் கையில் தாராளமாக ஊற்றலாம், சட்டியில் மட்டும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. சட்டியே தீப்பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடிவிட்டு, அது ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும்.

21 மே 2023

தனியாக இருப்பவர்களுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சற்று விரிவாகவே எழுத நினைக்கிறேன், ஏனென்றால் முதலுதவிக் குறிப்புகள் எல்லாம் பக்கத்தில் இன்னொருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டே எழுதப்படுகின்றன.

அடுப்பை அணைத்ததும், தண்ணீருக்குப் போகும் வழியிலேயே வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிடுங்கள். வலியில் சிலருக்குக் கண் இருண்டு மயக்கம் வரும். உள்ளே தாழிட்டுக்கொண்டு மயங்கி விழுந்தால் உதவிக்கு வருபவர் கதவை உடைக்க வேண்டியிருக்கும். நின்றுகொண்டு ஊற்றாதீர்கள், தரையிலோ முக்காலியிலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். கைபேசியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, 20 நிமிடத்துக்கு மணி அடிக்கும்படி செய்துவிட்டு, ஒலிபெருக்கியில் யாரையாவது அழைத்துப் பேசிக்கொண்டே இருங்கள். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு 5 நிமிடமே அரை மணி நேரமாகத் தோன்றும். வலி சற்றுக் குறைந்ததும் கையை எடுத்துவிடத் தோன்றும். மறுமுனையில் ஒரு குரல் இருந்தால் உட்கார்ந்திருக்க முடிகிறது. நான் என் அக்காவை அழைத்தேன். அவர் எனக்குச் சொன்ன ஆறுதல் எதுவும் இப்போது நினைவில் இல்லை. மதிய சமையலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார், நேரம் ஓடிவிட்டது.

துணி எண்ணெயில் நனைந்திருந்தால் உடனே கழற்ற வேண்டும், அது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தோலோடு உருகி ஒட்டியிருந்தால் பிய்க்காமல், சுற்றிலும் கத்தரித்துவிட்டு அப்படியே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எப்போது கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்? விரல்களையும் சேர்த்து அவரவர் உள்ளங்கையின் அளவு என்பது அவரவர் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். காயம் அதை எட்டினாலே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. எனக்கு அந்த அளவு இருந்ததால் நான் அன்று மாலையே போனேன். முகம், கைவிரல்கள், பாதம், மூட்டு மடிப்புகள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அளவு சிறிதானாலும் போக வேண்டும். கையையோ விரலையோ சுற்றி வளையமாகச் சுட்டிருந்தால் வீக்கம் இரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும், தாமதிக்கக் கூடாது. மின்சாரத்தாலும் அமிலத்தாலும் ஏற்பட்ட காயங்கள் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே பெரிதாக இருக்கும். வலியே இல்லாத வெளுத்த காயத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நரம்பு முனைகளும் சேர்ந்து கருகியதால்தான் வலி இல்லை. கூட யாரும் இல்லாதபோது நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், 108-ஐ அழையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு இருக்கிறது. போகும் வழியில் காயத்தின்மேல் எதையும் பூசாமல், சமையலறைப் பிளாஸ்டிக் படலத்தை நீளவாக்கில் பரப்பி மூடலாம், இறுக்கிச் சுற்றக் கூடாது. அது இல்லையென்றால், புதிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுக்கொள்ளலாம்.

22 மே 2023

நேற்று விட்டுப்போனது: குக்கர் ஆவி. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி சுமாருக்கு இருக்கும். தோலில் பட்ட ஆவி தண்ணீராக மாறும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். அதனால் வெறும் சிவப்பாகத் தெரிந்தாலும் ஆவிக் காயத்தை எளிதாக நினைக்க வேண்டாம். முழு 20 நிமிடமும் ஊற்ற வேண்டும். ஆவி முகத்தில் அடித்து, குரல் கம்மினாலோ மூச்சு இழுத்தாலோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

3 ஜூன் 2023

களிம்புகளைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பின்னர் படித்துச் சரிபார்த்ததுமாக எழுதுகிறேன். நம் ஊர் மருந்துக் கடைகளில் தீக்காயம் என்றதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு. 1960-களில் வந்தபோது பெரிய தீக்காயங்களில் கிருமித் தொற்றைத் தடுக்க அது பேருதவியாக இருந்தது. ஆனால் மேலோட்டமான சிறு காயத்தில் அது புதுத்தோல் வளர்வதைத் தாமதப்படுத்துகிறது. மேலே ஒரு வெளுத்த ஏடு படிந்து காயத்தின் உண்மையான நிலையையும் மறைக்கிறது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பேறுகாலம் நெருங்கியவர்கள், பிறந்து இரண்டு மாதம் நிறையாத குழந்தைகள் ஆகியோருக்கு அதைப் போடக் கூடாது. கடைக்காரர் இதையெல்லாம் கேட்பதில்லை. எனக்கு அந்த மருத்துவர் களிம்பு எதுவும் எழுதவில்லை; பாரஃபின் வலைத்துணியும் வலிக்கு 500 மி.கி. பாராசிட்டமாலும் மட்டுமே கொடுத்தார். அப்போது எனக்கு அது குறையாகத் தோன்றியது, வெறும் துணிக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று. காயம் தழும்பில்லாமல் ஆறியபோது அவருடைய நிதானம் புரிந்தது.

18 ஜூன் 2023

டி.டி. ஊசி தேவையா என்று கேட்டவருக்கு: தோல் கழன்ற தீக்காயம் வில்வாத (டெட்டனஸ்) நோய்க் கிருமிக்கு வழிவிடக்கூடியது. கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், அல்லது எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றால், மருத்துவரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போடுகிறார்கள்.

12 ஜூலை 2023

முதல் கேள்வியைக் கேட்டவர் புண் ஆறிவிட்டதாக எழுதியிருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. இப்போது அந்த இடம் அரிக்கிறது, கருத்தும் தெரிகிறது என்கிறார். இரண்டும் எதிர்பார்க்கக்கூடியவைதான். புதுத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு சரியாக இருக்காது என்பதால் வறண்டு அரிக்கும். முதலில் வேண்டாம் என்று தள்ளி வைத்த தேங்காய் எண்ணெய்க்கு இப்போதுதான் வேலை. புண் முழுமையாக மூடிய பிறகு நாளைக்கு இருமுறை மெல்லத் தடவி நீவிவிடலாம். வெயில் பட்டால் அந்தக் கருப்பு நிலைத்துவிடும், ஆகவே சில மாதங்களுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் மூடாத புண் யாருக்காவது இருந்தால், அது தடித்த தழும்பாகக்கூடியது என்பதால் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

20 ஆகஸ்ட் 2023

நேற்று வந்த ஒரு கேள்வி என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. சர்க்கரை நோயுள்ள தன் அப்பா, கால் குடைச்சலுக்காக வெந்நீர் வாளியில் பாதத்தை வைத்திருந்ததாகவும், மறுநாள் குதிகாலில் பெரிய கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரியவந்ததாகவும், அவருக்கு வலியே இல்லை என்பதால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்றும் ஒருவர் கேட்கிறார்.

கூடாது. இந்த இழையில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் எழுதிய எதுவும் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் உணர்விழந்துவிடுவதால் சூடு தெரிவதில்லை. தெரியாததால் காலை எடுப்பதில்லை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமாகச் சுட்டுவிடும், அவரோ நெடுநேரம் வைத்திருந்திருக்கிறார். பாதத்துக்கு இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் சிறு புண்கூட விரலை இழக்கும் நிலைவரை கொண்டுபோகும். கொப்புளத்தைத் தொடாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, அவரை நடக்க விடாமல் இன்றே அழைத்துப் போங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கடைசியாகப் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள். இனி அவருக்கு வெந்நீர் ஒத்தடமோ, ஊற்றும் வெந்நீரோ எதுவானாலும், உணர்வு நன்றாக உள்ள இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே அவர் காலைப் படவிடுங்கள்.